குதிரை ஜி5-க்கு வந்தால் தோற்றுவிடுகிறேன்: தப்பு எங்கே?

பாம்பன் தெற்குவாடி:
மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வலைக் கொட்டகையில் தினமும் மாமாவோடு செஸ் ஆடுகிறேன். கருப்பு எடுத்தால் ஒரே மாதிரி தோல்வி, இதுவரை ஏழு ஆட்டம்.

ஆட்டம் இப்படிப் போகும் (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, அடுத்து கருப்பு): இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6, குதிரை ஜி5 டி5. அவர் சிப்பாயால் டி5-ஐ வெட்டுவார், நான் குதிரையால் திருப்பி வெட்டுவேன். உடனே எஃப்7-இல் குதிரையைக் கொடுக்கிறார். அது ராணியையும் யானையையும் சேர்த்துத் தாக்குவதால் ராஜாவால் வெட்டுகிறேன். ராணி எஃப்3, செக். ராஜாவை எங்கே நகர்த்தினால் பிழைக்கலாம்?

கீழக்கரை:
தம்பி, தப்பு அங்கே இல்லை. ராஜா ஜி8-க்குப் போனால் பிஷப் டி5-ஐ வெட்டி செக், மேட் வரை போய்விடும். டி5 குதிரையைக் காக்க இ6 ஒன்றுதான் கட்டம். அங்கே போனாலும், பின்னால் ராஜா நிற்பதால் பிஷப்புக்கு எதிரே அந்தக் குதிரை அசைய முடியாது, அடுத்து வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்து அதன்மேல் இன்னொரு அடி. கணினி தாங்கலாம், பலகைக்கு முன் உட்காரும் நமக்குக் கஷ்டம். இந்தத் தாக்குதலுக்குப் பெயர் ஃப்ரைட் லிவர் (வறுத்த ஈரல்). நானூறு வருடத்துக்கு முன்பே இத்தாலியில் போலேரியோ என்ற ஆட்டக்காரர் ஆடியிருக்கிறார்.

ஐந்தாவது நகர்த்தலை மாற்றுங்கள். டி5-ஐ வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்கு எடுத்து பிஷப்பைத் தாக்குங்கள். பிஷப் பி5 செக் வைக்கும், சி6 போடுங்கள். அவர் வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். ஒரு சிப்பாய் குறையும்தான். ஆனால் பிஷப் மறுபடி ஓட வேண்டும், ஹெச்6 போட்டால் குதிரையும் ஓடும். அந்த நேரத்தில் உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும்.

தேவிபட்டினம்:
புதிதாகப் படிப்பவருக்கு அதைவிட எளிய வழி: மூன்றாவதிலேயே குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-க்கு எடுங்கள். அப்போது அவர் ஜி5-க்குத் தாவினால் உங்கள் ராணி சும்மா வெட்டிவிடும்.

பாம்பன் தெற்குவாடி:
ஏ5 ஆடிப் பார்த்தேன் அண்ணே. பிஷப்பை ஓட்டாமல் மாமா ராணியை எஃப்3-இல் வைத்தார். நான் அவசரப்பட்டு சி6 சிப்பாயால் பிஷப்பை வெட்ட, ஏ8 யானை போய்விட்டது.

கீழக்கரை:
அந்த இடத்தில் முதலில் யானையை பி8-க்கு நகர்த்துங்கள். அப்புறம் பிஷப்பை வெட்டப் பாருங்கள்.