பூமத்திய ரேகைக்குத் தெற்கே அட்சரேகை கணித்தது எப்படி? (1500 வாக்கில்)

அலைவாய்:
வடக்கே இருக்கும்வரை துருவ நட்சத்திரம் உண்டு. வாஸ்கோ ட காமா, கப்ரால் காலத்துப் போர்த்துகீசியக் கப்பல்கள் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் அது மறைந்துவிடுமே. பிறகு கப்பலுக்கு வழி கணிக்கும் பைலட் எதை வைத்துக் கணக்குப் போட்டார்? எவ்வளவு பிசகும்?

நங்கூரம்:
வடக்கிலும் அது அவ்வளவு சுலபமில்லை. அன்றைக்குத் துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து சுமார் 3½ பாகை தள்ளியிருந்தது. அதைச் சுற்றிவரும் காவல் நட்சத்திரங்களின் நிலை பார்த்துக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

தெற்கே போனால் உச்சிவெயில்தான் துணை. கோணம் அளக்கும் வட்டக் கருவியான அஸ்ட்ரோலேப்பை மேல்வளையத்தில் பிடித்துத் தொங்கவிடுவார்கள். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. சுழலும் சட்டத்தில் துளையிட்ட இரண்டு தகடுகள் உண்டு. மேல் துளை வழியாக வரும் ஒளிப்புள்ளி கீழ்த் துளையில் விழும்வரை சட்டத்தைத் திருப்பி, சூரியன் அடிவானத்துக்கு மேல் நிற்கும் கோணத்தைப் படிக்க வேண்டும். உச்சிக்குச் சற்று முன்பே தொடங்கித் திரும்பத் திரும்ப அளந்து, ஏறுவது எங்கே நிற்கிறதோ அந்தக் கோணத்தை எடுத்துக்கொள்வார்கள்.

கப்ராலுடன் போன, வானியல் தெரிந்த மருத்துவர் மெஸ்திரி ஜோவான் 1500 ஏப்ரல் 27 அன்று பிரேசில் கரையில் எடுத்த அளவு 56 பாகை. 90-இலிருந்து கழித்தால் 34; சூரியன் தலைக்கு நேர் மேலிருந்து அவ்வளவு விலகியிருந்தது. அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 17 பாகை. ஆக 34−17 = 17 பாகை தெற்கு. உண்மையான இடம் 16 பாகையைக் கொஞ்சம் தாண்டியது. அந்தக் கருவிக்கு இது அருமையான அளவு.

சுக்கான்:
கரையில் எடுத்ததால்தான் அது சரியாக வந்தது. கப்பல் ஆட்டத்தில் நாலைந்து பாகை பிசகாமல் அளக்க முடியாது என்று அதே மனிதர் மன்னருக்கு எழுதினார். ஒரு பாகை 60 கடல் மைல். மலைக்க வைக்கும் பிழை. 1497 நவம்பரில் காமாவும் தென்னாப்பிரிக்காவின் செயின்ட் ஹெலனா விரிகுடாவில் இறங்கி, பெரிய மர அஸ்ட்ரோலேப்பை முக்காலியில் தொங்கவிட்டே அளந்தார்.

நிழலின் திசையைக் குறிக்கத் தவறினால் எல்லாம் கெட்டது. சூரியன் 19 பாகை தெற்கே இருக்கும் நாளில் அளவு 76 என்றால் மீதி 14. நிழல் தெற்கே விழுந்தால் 19+14, அதாவது 33 தெற்கு. வடக்கே விழுந்தால் 19−14, வெறும் 5 தெற்கு!

எந்த நாளில் சூரியன் எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே என்று சொல்லும் அட்டவணையும் முக்கியம். வானியலாளர் ஆபிரகாம் சக்கூத்தோவின் பஞ்சாங்கம் 1496-இல் போர்த்துகலின் லெய்ரியாவில் அச்சானது. லீப் வருடத்தால் நாலு வருடத்துக்குத் தனித்தனிக் கணக்கு வேண்டும். சமபகல் நாட்களையொட்டிச் சூரியன் ஒரே நாளில் 24 கலை (60 கலை ஒரு பாகை) வடக்கே அல்லது தெற்கே நகரும். வருடம் மாறிப் பார்த்தால் பிழை அங்கேயே புகுந்துவிடும்.

அலைவாய்:
நிழல் திசை விஷயம் இப்போதுதான் புரிந்தது, நன்றி. தீர்க்கரேகைக்கு?

நங்கூரம்:
வழியே இல்லை. திசைகாட்டி, அரைமணி மணற்கடிகாரம், வேகத்துக்குக் கண்மதிப்பு, இவ்வளவுதான். ஆனால் அந்த மதிப்பைச் சோதிக்க ஒரு விதி இருந்தது: ஒரு பாகைக்கு 17½ லீக் (பழைய தூர அளவு). நேர் தெற்கே ஓடினால் 17½ லீக்கில் ஒரு பாகை மாறும். தென்மேற்கே ஓடினால் 24¾ லீக் வேண்டும். 25 லீக் ஓடியதாகக் குறித்தும் மதிய அளவு அரைப் பாகைதான் மாறியிருந்தால், வேக மதிப்பு தவறு, அல்லது நீரோட்டம் தள்ளுகிறது, அல்லது அளவே பிசகு. அதனால்தான் போகவேண்டிய அட்சரேகையைக் கரைக்கு வெகு தொலைவிலேயே பிடித்து, அதிலேயே கிழக்கிலோ மேற்கிலோ ஓடினார்கள். கரை எப்போது வரும் என்பது தெரியாததால், நெருங்கியதாகத் தோன்றும்போதே ஆழம் பார்க்க ஈயக்குண்டை இறக்கத் தொடங்கிவிடுவார்கள்.