எம்எல்ஏ ஆன எங்கள் தலைமையாசிரியர் சார்: பழகியவர்கள் எழுதுங்கள்

குளச்சல் பக்கத்து விவசாயி:

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏழு தொகுதி இருந்த காலம். அதில் திருவட்டாறு தொகுதி 2011 தேர்தலில்தான் இல்லாமல் போனது. ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் எங்களுக்கு எம்எல்ஏ. ஜெயித்த பிறகும் ஊருக்கு அவர் சார்தான்.

ஒரு ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்தும் பட்டணங்கால் கால்வாயின் கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், நாற்று கருகுகிறது. மனுவோடு போனோம். தண்ணீர், ரோடு, ரேஷன், சுடுகாட்டுச் சுவர் எல்லாம் ஒரே தாளில். சார் முழுசாகப் படித்துவிட்டு, "இதை எந்த ஆபீசருக்கு அனுப்ப? தனித்தனியா எழுதுங்க. எந்த மடை, எத்தனை ஏக்கர், போன வருஷம் என்னைக்குத் தண்ணி வந்தது, எல்லாம் வேணும்" என்றார். எங்களுக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாய்க் கரையோடு நடந்தார். ஷட்டர் பக்கம் கம்பை விட்டு, மண் எவ்வளவு மேடு என்று பார்த்து டைரியில் குறித்தார். சட்டமன்றத்தில் பொதுப்பணித்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் அந்த ஒரு ஷட்டரைச் சொல்லித்தான் பேசினார். பொதுவாகத் தூர்வாரச் சொல்லியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். "ஆர்டர் போடும் அதிகாரம் எனக்கில்லை, கேட்கிற அதிகாரம்தான் இருக்கு" என்பார். விடாமல் கேட்டார். அடுத்த கன்னிப்பூவுக்கு முன்னால் தூர்வாரினார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர், தக்கலை:

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர், ஆசிரியர்களுக்கு வேலை போனதே, அதில் நானும் உண்டு. வீட்டில் கடன், பிள்ளைகள் படிப்பு. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்ப எடுப்பார்கள் என்று சுப்ரீம் கோர்ட் வழக்குக்குப் பிறகு தெரிந்தது. பேனா ஓடவில்லை. செய்யாத தப்புக்கு எப்படி எழுதுவது?

சாரிடம் போய் அழுதேன். அப்போது அவர் பதவியில் இல்லை. "எழுதுங்க டீச்சர். பிள்ளைகளுக்கு நீங்க வகுப்பில் வேணும். சங்கத்தில் நின்னது நின்னதுதான், அதை யாராலும் அழிக்க முடியாது" என்றார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்ததும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது பென்ஷன் வாங்கும்போதெல்லாம் அவரை நினைப்பேன்.

பழைய மாணவன், சென்னை:

கூட்டத்தொடர் நடக்கும்போது எம்எல்ஏ விடுதியில் ஒருமுறை பார்த்தேன். கட்டில் முழுக்கத் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகள், ஓரத்தில் பென்சில் கோடுகள். பள்ளியில் பாடக்குறிப்பு எழுதிய அதே கையெழுத்து. ஐந்து நிமிடம் பேசத்தான் வாய்ப்பு வருமாம், அதற்கு இவ்வளவு படிப்பு! இந்த உழைப்பு ஊரில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சபையில் பேசியதை வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு யாரிடமாவது இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள். சாருடைய பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.