ஜவ்வரிசியா, கஞ்சியா? சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கஞ்சிஃபிளாஸ்க்:
நைஜர் (சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக்கும் ஆஸ்பெர்ஜிலஸ் நைஜர் பூஞ்சை) வளர்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்; லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை, 30 டிகிரி, ஃபிளாஸ்க்கை ஆட்டிக்கொண்டே இருக்கும் ஷேக்கர். இரண்டு தடவை நன்றாக வந்தது. மூன்றாவது தடவை டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோய், போர் தண்ணீரில் மீடியா (பூஞ்சை வளரும் சர்க்கரைக் கரைசல்) போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை ஃபிளாஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக மிதக்க வேண்டிய பூஞ்சை, ஆறிப்போன கஞ்சியாக நிற்கிறது. சாய்த்தால் மொத்தமாக நகர்கிறது. அமிலத்தை அளக்கும் டைட்ரேஷனில் பியூரெட்டைத் திறந்த கையோடு பிங்க்; அமிலமே இல்லாத மாதிரி. மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தண்ணி எங்கப்பா பிடிச்ச?" "டிஸ்டில்டுதான் மேடம்" என்றேன். இன்னும் உறுத்துகிறது.

நைட்ஷிஃப்ட்:
போர் தண்ணீரில் மாங்கனீஸ் இருந்திருக்கும், சரி. அதற்காக எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போடுவதை ஒப்ப மாட்டேன். ராத்திரி ஷேக்கர் நின்றதா என்று பார்த்தீர்களா? நான் இருந்த ஆலையில் ஒருநாள் கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. பூஞ்சைக்கு ஊதிக்கொண்டிருந்த காற்று நின்றதும் டேங்குக்குள் கொதிக்கிற மாதிரி இருந்த சத்தம் பொசுக்கென்று அடங்கியது. அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. காற்று திரும்பி வந்தது, பூஞ்சை வளர்ந்தது, சர்க்கரையும் குறைந்தது. அமிலம் மட்டும் ஏறவே இல்லை.

லேப்_அண்ணாச்சி:
நான் பி.எச். பார்க்காமல் விட்டு ஒருதரம் சிட்ரிக்குக்குப் பதில் ஆக்சாலிக் அமிலம் எடுத்தவன். அது போகட்டும். இனி செய்பவர்கள் கவனிக்க: பி.எச். 3-க்குக் கீழேயே நிற்கட்டும். மாங்கனீஸ் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே ஆட்டம் குலைந்துவிடும். கண்ணாடிப் பாத்திரத்தை ஆசிட்டில் அலசுங்கள். சர்க்கரைக்குப் பதில் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) என்றால் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு போட்டு இரும்பைக் கட்டுங்கள். கொஞ்சம் மெத்தனாலும் கைகொடுக்கும். சர்க்கரை தாராளம், பி.எச். குறைவு என்றால் சிட்ரிக் நன்றாக வரும் என்று அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கரி 1917-லேயே காட்டிவிட்டார். அதை வைத்துத்தான் ஃபைசர் கம்பெனி 1919-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் சர்க்கரையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்கத் தொடங்கியது. காற்று விஷயத்தில் நைட்ஷிஃப்ட் சொல்வது சரி, ஆனால் கஞ்சியாவதற்கு அது காரணமில்லை. அப்புறம் ஸ்போர் எண்ணிக்கை...

கஞ்சிஃபிளாஸ்க்:
அண்ணாச்சி, ப்ராஜெக்ட் முடிந்து ஒன்பது வருடம் ஆகிறது! ஷேக்கர் நிற்கவில்லை, பக்கத்து பெஞ்சில் நான்தான் படுத்திருந்தேன். அந்த ஃபிளாஸ்க்கை ரிப்போர்ட்டில் 'கன்டாமினேஷன்' (வேறு கிருமி கலந்துவிட்டது) என்று எழுதினேன். மேடம் கையெழுத்துப் போடுமுன் பேனாவை நிறுத்தி, மூலையில் இருந்த காலி டிஸ்டில்டு வாட்டர் கேனைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். போட்டுவிட்டார்.