தடித்த வாழை வேர்: கன்ஃபோக்கல் எவ்வளவு ஆழம் பார்க்கும்?

பொருநைவாசி:
அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைத்தோட்டம் ஒன்றிலிருந்து எடுத்த வேரில் பூஞ்சை இழைகள் ஓடும் பாதையைக் கன்ஃபோக்கலில் (லேசரை ஓட்டி, ஒரு நேரத்தில் ஒரு ஆழத்தை மட்டும் படமெடுக்கும் நுண்ணோக்கி) பார்க்கிறேன். அரை மில்லிமீட்டர் தடிமன் துண்டு. மேலே 60, 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தெளிவு, அதற்குக் கீழே மங்கல். லேசரைக் கூட்டலாமா?

பாளைக்காரன்:
கூட்டாதீர்கள் தம்பி. கன்ஃபோக்கலில் குவியத்துக்கு மேலும் கீழும் உள்ள ஒளிர்சாயமும் லேசர் பட்டு வெளுக்கும். ஒளியை அளக்கும் உணரிக்கு முன்னால் உள்ள ஊசித்துளை அந்த இடங்களின் ஒளியைத்தான் தடுக்கும், சாயம் கெடுவதைத் தடுக்காது. இன்னொன்று, சரியான புள்ளியிலிருந்து கிளம்பிய ஒளியும் வழியில் சிதறினால் துளைக்கு வெளியே நின்றுவிடும். சிதறல் மிகுந்த திசுவில் சுமார் 100 மைக்ரான்தான் எல்லை. இரட்டை ஃபோட்டான் கருவிக்குப் போங்கள்; அதில் சாயம் ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை வாங்கினால்தான் ஒளிரும். டென்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் 1990-இல் காட்டிய முறை. குவியத்தில் மட்டுமே சாயம் ஒளிரும் என்பதால் துளையே வேண்டாம், சிதறி வரும் ஒளியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடனாநதி:
அண்ணாச்சி, உயிருள்ள எலி மூளைக்கு அது சரி. இது வெட்டியெடுத்த வேர்! அவ்வளவு விலையுள்ள கருவி எதற்கு? சிதறல் வருவதே ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறுவதால்தான்: காற்றிடைவெளி 1.0, நீர் 1.33, செல்சுவர் அதைவிட அதிகம். 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி, நன்றாகக் கழுவி, பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினைப் பிடிக்கும் ஒளிர்சாயம் ஏற்றி, கிளிசராலில் ஊறவிடட்டும். கிளிசராலின் எண் 1.47, செல்சுவரின் எண்ணுக்குப் பக்கத்தில். வேரே கண்ணாடி போலாகும்.

அப்புறம் தம்பி, எந்த லென்ஸ்? 63 மடங்கு எண்ணெய் லென்ஸ் என்றால் வேலைத்தூரம் (லென்ஸ் முனைக்கும் குவியத்துக்கும் உள்ள இடைவெளி) பொதுவாக 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. துண்டின் அடிக்குப் போகும் முன்பே மூடுகண்ணாடியில் இடிக்கும்.

பொருநைவாசி:
அதே லென்ஸ்தான் அக்கா.

பாளைக்காரன்:
காரத்தில் வேகவைத்தால், ஆய்வகத்தில் மரபணுவாகப் புகுத்தும் பச்சை ஒளிர்புரதம் என்ன ஆகும்?

கடனாநதி:
தோட்டத்துப் பூஞ்சையில் அந்தப் புரதம் ஏது? இருந்தாலும் வழி உண்டு: 2015-இல் வந்த கிளியர்சீ கரைசல் புரதத்தைக் காப்பாற்றிக்கொண்டே செடித் திசுவைத் தெளிவாக்கும். நீளமான வேலைத்தூரமுள்ள கிளிசரால் லென்ஸை எங்காவது கேட்டு வாங்குங்கள், கன்ஃபோக்கலே போதும்.

பாளைக்காரன்:
போதும் என்று நான் ஒப்பமாட்டேன். தெளிவாக்கும்போது திசு சுருங்கலாம், உப்பலாம். போதாததற்கு, லென்ஸின் ஊடகமும் மாதிரியின் ஊடகமும் வேறானால் ஆழக்கணக்கே பிசகும். தம்பி, ஊறவைக்கும் முன்பும் பின்பும் துண்டின் தடிமனை அளந்து இங்கே போடுங்கள். அது இல்லாமல் 300 மைக்ரானில் இழை தெரிந்தது என்று எழுதினால் நான் ஏற்கமாட்டேன்.