டிஸ்னி ஸ்பிரிங்ஸ்: கூரை இல்லாத மால்தானே இது?

தாம்பா_தமிழன்

ஊரிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. எல்லாருக்கும் பார்க் டிக்கெட் எடுத்தால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதால், சனிக்கிழமை சாயங்காலம் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கூட்டிப்போனேன். அரை மணி நேரம் நடந்தபிறகு மச்சான் கேட்டான்: "ஜாரா துணிக்கடை நம்ம வேளச்சேரி ஃபீனிக்ஸ் மால்லயே இருக்கே அத்தான், இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் 96-ல் ஃப்ளோரிடாவுக்கு வேலைக்கு வந்தவன். அப்போது இதே இடத்தின் நடுவில் இரவு கிளப்புகள் நிறைந்த ப்ளெஷர் ஐலண்ட் இருந்தது. தினமும் ராத்திரி அங்கே புத்தாண்டு பிறக்கும், வாணவேடிக்கையோடு. அதற்குள் அட்வெஞ்சரர்ஸ் கிளப் என்று ஒன்று. 1937-ல் உலகம் சுற்றும் ஆசாமிகள் கூடும் சங்கம் என்பது கதை. சுவரில் மாட்டிய முகமூடி கண்ணை உருட்டிப் பேசும். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர் நம்மைப்போல் வந்தவரா நடிகரா என்று கண்டுபிடிக்கவே ஒரு கிளாஸ் காலியாகிவிடும். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் சேர்ந்து "குங்கலூஷ்!" என்று கத்த வேண்டும். அர்த்தம் கேட்கக்கூடாது.

2008 செப்டம்பர் கடைசியில் ஆறு கிளப்புகளையும் ஒரே ராத்திரியில் மூடினார்கள். இன்றைக்கு டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போனால் கோச், செஃபோரா, யூனிக்லோ என்று கடைகள். டிஸ்னி என்ற பேரை எடுத்துவிட்டால் கூரை இல்லாத மால், அவ்வளவுதான். மறுப்பவர்கள் வரலாம்.

லேகா_ஆர்லாண்டோ

மறுக்க வந்துட்டேன் அண்ணா. 96-ல உங்க கையில ஸ்ட்ரோலர் இல்ல, அதான் விஷயம்.

ப்ளெஷர் ஐலண்ட் எங்க இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் மார்க்கெட்பிளேஸ், இன்னொரு பக்கம் வெஸ்ட் சைட், நட்டநடுவுல உங்க தீவு. பல வருஷம் சாயங்காலமானா கேட்டை மூடி டிக்கெட் போட்டாங்க. குழந்தையோட வந்தவங்க இந்த முனையிலேருந்து அந்த முனைக்குப் போகணும்னா என்ன செய்வாங்க? அப்புறம் 2004-ல தெருவை மட்டும் எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க, கிளப்புக்கு மட்டும் டிக்கெட். அப்பவும் அது குடும்பத்துக்கான இடமா ஆகல.

நான் மாசம் ரெண்டு தடவை போறேன். பார்க்கிங் காசு இல்ல, நுழைவுச்சீட்டு இல்ல. சின்னவன் லெகோ கடை முன்னாடி ஏரிக்குள்ள தலை தூக்கி நிக்கிற லெகோ டிராகனைப் பார்த்துட்டே ஒரு மணி நேரம் உட்காருவான். எனக்கு அது போதும். ஜாராவுக்குள்ள நான் காலே வைக்கல.

கணக்குப்புலி

ரெண்டு பேருமே பாதியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். இது பிறந்ததே கடைத்தெருவாகத்தான். 1975 மார்ச்சில் திறந்தபோது பெயர் 'லேக் புவனா விஸ்டா ஷாப்பிங் வில்லேஜ்'. பெயரிலேயே ஷாப்பிங் இருக்கிறது பாருங்கள். பக்கத்தில் டிஸ்னி ஒரு குடியிருப்பு கட்டத் திட்டமிட்டிருந்தது. அங்கே குடிவருபவர்களுக்குப் பக்கத்துக் கடைவீதி இது. பீங்கான் சாமான், மெழுகுவர்த்தி, மளிகை.

குடியிருப்பு வரவில்லை. நிரந்தரமாகக் குடியேறினால் ஓட்டுரிமை வரும், அந்த நிலத்தை ஆள அப்போது டிஸ்னி கையில் வைத்திருந்த ரீடி கிரீக் நிர்வாக மாவட்டம் கைவிட்டுப் போகும். எந்த முதலாளி அதற்குச் சம்மதிப்பான்? வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். கடைவீதி மட்டும் ஆள் மாறி நின்றது.

அதற்குப்பின் பெயர் மாற்றமோ மாற்றம். 1977-ல் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் வில்லேஜ். 1989-ல் டிஸ்னி வில்லேஜ் மார்க்கெட்பிளேஸ். 1997-ல் டவுன்டவுன் டிஸ்னி. 2015 செப்டம்பரில் டிஸ்னி ஸ்பிரிங்ஸ். நாற்பது வருடத்தில் ஐந்து பெயர். நம் ஊரில் ஓட்டல் ஓடவில்லையென்றால் போர்டை மாற்றி "புதிய நிர்வாகம்" என்று எழுதுவார்களே, அந்தக் கதைதான்.

அண்ணன் உருகும் ப்ளெஷர் ஐலண்டும் கலை ஆர்வத்தில் கட்டியதல்ல. ஆர்லாண்டோ ஊருக்குள் சர்ச் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் என்று இரவு விடுதிகள் சேர்ந்த ஓர் இடம் இருந்தது, 1974-லிருந்து. டிஸ்னியில் தங்கியவர்கள் ராத்திரியானால் வண்டியெடுத்து அங்கே போய்ச் செலவழித்தார்கள். அந்தக் காசை மடக்க 1989 மே மாதம் இதைத் திறந்தார்கள். பத்து வருடத்தில், 1999-ல், போட்டிக்காரர் யூனிவர்சல் சிட்டிவாக் என்ற தன் கேளிக்கைத் தெருவைத் திறந்து அதே கூட்டத்தில் கைவைத்தது. வெளியே எந்தப் பையில் காசு போகிறதோ, அந்தப் பையைப் போலவே உள்ளே ஒன்று தைப்பார்கள். 75-ல் மளிகை, 89-ல் டிஸ்கோ, இப்போது ஜாரா.

தாம்பா_தமிழன்

கணக்கு சரி தம்பி. ஆனால் சர்ச் ஸ்ட்ரீட்டை அப்படியே நகல் எடுத்திருந்தால் நான் பேசவே மாட்டேன். காசுக்காகத்தான் கட்டினார்கள், ஒப்புக்கொள்கிறேன். கட்டும்போது மெரிவெதர் ப்ளெஷர் என்று இல்லாத ஒரு வியாபாரியை உருவாக்கி, அவன் பாய்மரத் துணி செய்த பழைய தொழிற்சாலைத் தீவு இது என்று தகரக் கொட்டகை, கிடங்கு எல்லாம் ஜோடித்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கதை எழுதி வைத்தார்களே. ஜாராவுக்கு என்ன கதை?

கணக்குப்புலி

இப்போதும் கதை இருக்கிறது. நீரூற்றுப் பக்கத்தில் வளர்ந்த பழைய ஃப்ளோரிடா சிற்றூர் இது என்று. ஓடைகூட விட்டிருக்கிறார்கள், தண்ணீர் நீலமாகத் தெரியும்படி. நீங்கள் பார்க்கவில்லை போல.

தாம்பா_தமிழன்

பார்த்தேன். 2016-ல் ஜாரா இருக்கும் டவுன் சென்டர் பகுதி திறந்தபோதும் பார்த்தேன். அதற்குமுன் அங்கே என்ன இருந்தது? நாம் வண்டி விட்ட திறந்தவெளி. பார்க்கிங்கில் ஊற்று வரவழைத்துவிட்டு "பழைய சிற்றூர்" என்றால் மச்சான்கூட நம்பமாட்டான்.

லேகா_ஆர்லாண்டோ

அப்போ எம்ப்ரஸ் லிலி கப்பல் மட்டும் நிஜமா அண்ணா? 1977-ல வால்ட் டிஸ்னியோட மனைவி லில்லியன் பேரை வச்சுத் திறந்தாங்க. அது ஒரு நாளும் மிதந்ததில்ல. அடியில கான்கிரீட். கப்பல் மாதிரி கட்டின ஓட்டல். 96-ல ஃபுல்டன்ஸ் கிராப் ஹவுஸ் ஆச்சு, 2017-லேருந்து பேடில்ஃபிஷ். பேரு மூணு, மீன் ஒண்ணுதான். நீங்க வந்த வருஷமே அந்தப் பழைய பேரு போயாச்சு. உங்களுக்கு முன்னாடி வந்தவங்க "லிலி காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா"ன்னு உங்ககிட்ட புலம்பியிருப்பாங்களே?

தாம்பா_தமிழன்

புலம்பினார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் அதையே ஒரு வருடம் சொன்னார். நான் சிரித்தேன்.

நெறியாளர்

சூடு பரவாயில்லை. வயதை வைத்துக் கிண்டல் வேண்டாம்.

பரிஸ்_பரணி

வணக்கம். நான் பரிசில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்துக் கதையையும் கேளுங்கோ, தாம்பா அண்ணை சொல்லுறதில ஒரு நியாயம் இருக்கு.

இஞ்ச 1992-ல பார்க்கோட சேர்த்து 'ஃபெஸ்டிவல் டிஸ்னி' எண்டு ஒரு கடைவீதி திறந்தவை. கட்டினவர் ஃபிராங்க் கேரி, பெரிய கட்டடக்கலைஞர். உயர உயரமா உலோகத் தூண்கள், மேல வலை மாதிரி விளக்குகள், ராவில நட்சத்திரம் இறங்கி வந்த மாதிரி. 96-ல பேரை டிஸ்னி வில்லேஜ் எண்டு மாத்திச்சினம். 2000களின்ர நடுவில அந்தத் தூண்களையும் கழட்டிப் போட்டினம். மிச்சம் இருந்தது ஒண்டோடொண்டு சேராத கட்டடங்கள். நடுவில வானத்தை மறைச்ச அந்தப் பொருள் போன உடன, எல்லாம் பெட்டி பெட்டியாத் தெரிஞ்சுது.

பஃபலோ பில் எண்டு சாப்பாட்டோட குதிரை, மாடெல்லாம் வாற காட்சி. நான் சின்னனில அப்பாவோட போனனான், தொப்பி எல்லாம் தந்தவை. 2020-ல கொரோனாவோட நிண்டது நிண்டதுதான். இப்ப திரும்பக் கட்டீனம். ரோசலி எண்டு ஒரு பிரெஞ்சு பிராசெரி வந்திருக்கு, வடிவாத்தான் இருக்கு. ஆனா பரிஸ் ஆள் பிரெஞ்சுச் சாப்பாடு சாப்பிட ஆர்ஈஆர் ஏ ரயிலில கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போக வேணுமோ?

லேகா_ஆர்லாண்டோ

பரணி, உங்க கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. அமெரிக்கக் குடும்பத்துக்கு பிரெஞ்சு பிராசெரி, உங்களுக்கு பஃபலோ பில். யாருக்கு எது தூரமோ அதுதான் விக்கும்.

பரிஸ்_பரணி

அக்கா, அங்க வாறது கூடுதலா பிரெஞ்சு ஆக்களும் இங்கிலாந்து ஆக்களும்தான். அமெரிக்கர் தங்கட ஊரில டிஸ்னியை வச்சுக்கொண்டு இஞ்ச ஏன் வருகினம்?

லேகா_ஆர்லாண்டோ

சரி, அந்த பாயின்ட் உங்களுக்கு 🙂

அனாஹைம்_அருண்

கலிஃபோர்னியா கணக்கையும் சேர்த்துக்கோங்க. இங்க டிஸ்னிலேண்ட் பக்கத்துலயும் டவுன்டவுன் டிஸ்னின்னு ஒரு கடைவீதி 2001-ல திறந்தது. 2018-ல பெரிய ஹோட்டல் கட்டப்போறோம்னு ரெயின்ஃபாரஸ்ட் கஃபே, ஈஎஸ்பிஎன் ஸோன், ஏஎம்சி தியேட்டர், ஏர்ல் ஆஃப் சாண்ட்விச் எல்லாத்தையும் ஜூன்ல காலி பண்ண வச்சாங்க. நகராட்சியோட வரிச்சலுகைத் தகராறு. அக்டோபர்ல ஹோட்டலே கிடையாதுன்னுட்டாங்க. சாண்ட்விச் கடை மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்பி வந்துச்சு. ரெயின்ஃபாரஸ்ட் கஃபே கட்டடத்துல அப்புறம் ஸ்டார் வார்ஸ் சாமான் வித்தாங்க. "திட்டமிட்ட வளர்ச்சி"ன்னு யாராவது சொன்னா எனக்கு அந்தக் கட்டடம்தான் ஞாபகம் வரும்.

கணக்குப்புலி

அருண் நல்ல இடத்தில் தொட்டார். தாம்பா அண்ணன் நினைப்பதுபோல் கடை வந்து கதையைத் துரத்தவில்லை. பல இடத்தில் கதை தானாகவே செத்தது.

டிஸ்னிக்வெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? 1998, வெஸ்ட் சைடில் ஐந்து மாடி, உள்ளே மெய்நிகர் விளையாட்டுகள். அன்றைக்கு வாயைப் பிளந்தார்கள். சில வருடத்தில் வீட்டு கேம் பெட்டியே அதைவிட நன்றாகப் படம் காட்டியது. சிகாகோவில் 1999-ல் திறந்த கிளை 2001-லேயே மூடியாச்சு. இங்கே உள்ளதை 2017 வரை இழுத்தார்கள். அதை இடித்துவிட்டு என்பிஏ எக்ஸ்பீரியன்ஸ் என்று கூடைப்பந்து விளையாட்டுக் கூடம். 2019 ஆகஸ்டில் திறந்தார்கள், 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடினார்கள், பிறகு திறக்கவே இல்லை. அதே பக்கம் வர்ஜின் மெகாஸ்டோர் என்று பிரமாண்ட இசைத்தட்டுக் கடை, அதுவும் 2009-ல் போனது.

நீங்கள் சொல்லும் "அனுபவம்" வகையறாவுக்கு ஆயுசு குறைவு. முதலீடு முழுக்க டிஸ்னி கையிலிருந்து போகிறது, பழசானால் நஷ்டமும் அவர்களுக்கே. ஜாராவுக்கு இடத்தை வாடகைக்கு விட்டால், துணி ஃபேஷன் மாறினாலும் அது ஜாராவின் தலைவலி. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எதைச் செய்வீர்கள்?

தாம்பா_தமிழன்

நான் அந்த நாற்காலியில் இல்லை, அதுதான் என் வசதி. நான் வந்து போகிறவன்.

ஆனால் நீ சொன்ன உதாரணங்களையே பார். செத்தவை எல்லாம் இயந்திரம். கம்ப்யூட்டர் பழசாகும், இசைத்தட்டு பழசாகும். அட்வெஞ்சரர்ஸ் கிளப்பில் இருந்தது என்ன? நாலு நடிகர்கள், கொஞ்சம் பொம்மை, ஒரு ஆர்கன் வாத்தியம். அதில் பழசாக என்ன இருக்கிறது? கூட்டமே இல்லாமலா மூடினார்கள்? கடைசி ராத்திரி உள்ளே நிற்க இடமில்லை.

கணக்குப்புலி

கடைசி ராத்திரி எல்லா தியேட்டரும் ஹவுஸ்ஃபுல்தான் அண்ணே. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

தாம்பா_தமிழன்

செவ்வாய்க்கிழமை எனக்கு ஆபீஸ்.

அனாஹைம்_அருண்

😂 கேஸ் முடிஞ்சது.

லேகா_ஆர்லாண்டோ

முடியல. அண்ணாவுக்காக நான் கொஞ்சம் வாதாடறேன். நடிகருக்குச் சம்பளம் ஒவ்வொரு ராத்திரியும் கொடுக்கணும், ஷெல்ஃபுக்கு கொடுக்க வேண்டாம். அதனால அந்த மாதிரி இடம் குறைஞ்சது உண்மைதான். ஆனா வாடகைக்கு வந்தவங்க எல்லாரும் துணிக்கடைக்காரங்க இல்ல. ராக்லன் ரோடைப் பாருங்க. அயர்லாந்துக்காரங்க நடத்தறது, 2005-ல, உங்க கிளப் எல்லாம் ஓடிட்டிருந்தப்பவே வந்துச்சு. நடுவுல மேடை, ஐரிஷ் டான்ஸ், பாட்டு. இன்னும் நிக்குது. டிஸ்னி கைக்காசு போட்டுத்தான் காட்சி நடத்தணும்னு இல்லையே. 2015-ல ஜாக் லிண்ட்சேஸ் ஹேங்கர் பார்னு ஒண்ணு வந்துச்சு, இண்டியானா ஜோன்ஸோட பைலட் கதை. உள்ள உங்க கிளப்பை ஞாபகப்படுத்தற சாமானெல்லாம் வச்சிருக்காங்க.

தாம்பா_தமிழன்

ராக்லன் ரோட்டை ஒப்புக்கொள்கிறேன். முழு மனதோடு. ஹேங்கர் பாரை மாட்டேன். செத்தவர் படத்தை மாலை போட்டு மாட்டுவது வேறு, அவரோடு உட்கார்ந்து பேசுவது வேறு.

பரிஸ்_பரணி

இடையில ஒரு கேள்வி, கோவிக்காதேங்கோ. டிசம்பரில பிள்ளையளோட ஆர்லாண்டோ வாறம். ஒரு பின்னேரம் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் போகலாமோ? மனிசி மரக்கறிதான்.

லேகா_ஆர்லாண்டோ

தாராளமா. மார்க்கெட்பிளேஸ்ல 'ஈட்'னு செஃப் மனீத் சௌஹானோட இந்தியச் சாப்பாட்டுக் கடை இருக்கு, உங்க வீட்டம்மாவுக்கு அங்க கிடைக்கும். அண்ணா காலத்துல பிரெஞ்சு ஃப்ரைஸ்தான் நமக்கு. டிசம்பர்ல வார நாளா பாருங்க, சனிக்கிழமை வேண்டாம். லைம்ங்கிற பார்க்கிங் கேரேஜ் நிறைஞ்சிருந்தா ஆரஞ்சு கேரேஜுக்குப் போங்க. ஒவ்வொரு தளத்துலயும் எத்தனை இடம் காலின்னு வாசல்லயே போர்டுல காட்டும்.

தாம்பா_தமிழன்

96-ல் வண்டியைப் புல்லில் விட்டுவிட்டு ஈரத்தில் நடந்தோம். கேரேஜை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மச்சான் ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. நேற்று வீடியோ காலில் அவன் பெண்ணிடம் ஆர்லாண்டோவில் எது பிடித்தது என்றேன். ஏரிக்குள்ள இருந்த டிராகன் என்றாள். லேகா சந்தோஷப்பட வேண்டாம். அதை யாரும் வாங்கிக்கொண்டு போக முடியாது, சும்மா பார்க்கத்தான் முடியும். நான் முதல் பதிவிலிருந்து கேட்பதும் அந்த மாதிரி ஒன்றைத்தான்.

லேகா_ஆர்லாண்டோ

அண்ணா, அது லெகோ கடைக்கு விளம்பரம்!