சயனோடைப்: கழுவும்போது படமே ஓடிவிடுகிறது, உதவி தேவை (அவசரம்)

வெற்று_நாற்காலி:
வணக்கம். 2 வருடமாக சயனோடைப் போடுகிறேன், அதாவது இரும்பு உப்புப் பூசிய தாளில் வெயிலால் நீலப் படம் பதிக்கிறேன். இப்படி ஆனதே இல்லை. வெயிலில் வைத்து எடுத்துக் கழுவினால் நீலம் முழுக்கத் தண்ணீரோடு போய்விடுகிறது. தாளில் புகை படிந்த மாதிரி ஏதோ மிச்சம். எல்லாம் வழக்கம்போலத்தான் செய்தேன். கண்காட்சிக்கு 12 பிரிண்ட் கொடுக்க வேண்டும், 9 நாள்தான் இருக்கிறது. ஆளில்லாத அறைகளை எடுத்த வரிசை இது. திரைச்சீலை வழியாகக் கசிகிற வெளிச்சம்தான் படமே. அது போனால் வெறும் சுவர்தான். என்ன தவறு?

நீலக்கறை:
உங்கள் வழக்கம் எங்களுக்கு எப்படித் தெரியும்? எந்தத் தாள், என்ன கலவை, எத்தனை நிமிடம் வெயில், நெகட்டிவ் எதில் அச்சடித்தது, மேலே எதை வைத்து அழுத்துகிறீர்கள்? இவ்வளவும் சொல்லுங்கள்.

தாள்பித்தன்:
தாள்தான், சந்தேகமே வேண்டாம். இப்போது வரும் ஓவியத் தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கிறது. தாள் பழுக்காமல் இருக்க அது நல்லது, ஆனால் சயனோடைப்பின் நிறமியான பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் முடிந்தது கதை.

இருட்டறை_மூப்பன்:
இதை இங்கே நூறு தடவை பேசியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. பிளாஸ்டிக் தாளில் இங்க் அடித்து அதை நெகட்டிவ் என்று சொன்னால் இப்படித்தான் ஆகும், தம்பி. பெரிய ஃபிலிமில் எடுத்து நேராகப் பதிக்கப் பழகுங்கள். அசல் பிரிண்ட் என்றால் அதுதான்.

வெற்று_நாற்காலி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். முழுப் பருத்தித் தாள், 300 கிராம், போன தடவை நன்றாக வந்த அதே கட்டு. 100 மில்லி தண்ணீருக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 20 கிராம். இன்னொரு புட்டியில் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 8 கிராம். சமபாகம் கலந்து பூசுகிறேன். வெயில் 12 நிமிடம். நெகட்டிவ் இங்க்ஜெட் ஃபிலிம். குழாய்த் தண்ணீர்.

தாள்பித்தன்:
அதே கட்டு என்றாலும் வினிகர் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மழைத்தாள்:
குழாய்த் தண்ணீரும் காரமாக இருக்கலாம். முதல் தண்ணீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டுக் கழுவிப் பாருங்கள். எனக்கு வெளிர் பகுதிகள் அப்படித்தான் தப்பித்தன.

கரிக்கோல்:
மூப்பன் ஐயா, ஹெர்ஷல் இந்த முறையைக் கண்டுபிடித்தது 1842. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாள்மேல் நேராக வைத்துப் பதித்துப் புத்தகம் வெளியிடத் தொடங்கிவிட்டார். ஃபிலிமும் இல்லை, கேமராவும் இல்லை. அவையும் அசல் இல்லையா?

இருட்டறை_மூப்பன்:
அது தாவரவியல் பதிவு. கலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கணினியில் ஒளி-நிழல் வளைவை இழுத்து இழுத்துச் சரிசெய்த நெகட்டிவுக்கு, மொத்தம் ஐந்தே பிரதிதான் என்பதுபோல 5-இல் 1, 5-இல் 2 என்று எண் வேறு போடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் ஐந்நூறு வரும்!

கரிக்கோல்:
நெகட்டிவ் ஐந்நூறு வரும், பிரிண்ட் வராது. தூரிகையால் பூசுகிற கை இரண்டு தடவை ஒரே மாதிரி ஓடாது. என்னைக் கேட்டால் சயனோடைப்புக்கு எண்ணே தேவையில்லை, ஒவ்வொன்றும் தனிப்படம்.

நீலக்கறை:
இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்களேன். நாற்காலி நண்பரே, மேலே எதை வைத்து அழுத்துகிறீர்கள் என்ற என் கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அப்புறம், வெயிலிலிருந்து எடுக்கும்போது நெகட்டிவைத் தாண்டிய ஓரம் என்ன நிறத்தில் இருக்கிறது?

வெற்று_நாற்காலி:
வினிகர் விட்டேன், நுரைக்கவில்லை. சிட்ரிக் அமிலமும் போட்டாயிற்று, மாற்றமில்லை. ஓரம் கொஞ்சம் நீலம் கலந்த பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு விஷயம்: கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு விரலகலம் மட்டும் சாம்பல் நிறமானது. கழுவிய பிறகும் அங்கே நல்ல நீலம் நிற்கிறது. இது முக்கியமா தெரியவில்லை.

நீலக்கறை:
அதுதான் முக்கியம்! எந்தக் கண்ணாடி அது?

வெற்று_நாற்காலி:
பழைய கண்ணாடி போன வாரம் உடைந்துவிட்டது. படச்சட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த அக்ரிலிக் தகட்டைப் போட்டேன். விலை கூடிய ரகம்தான், நல்ல தெளிவு.

நீலக்கறை:
விலை கூடியதால்தான் வம்பு. சட்டங்களுக்கென்று விற்கும் பாதுகாப்புத் தகடுகள் புற ஊதா ஒளியை 99 சதவீதம் வரை தடுக்கும், ஓவியம் வெளுக்காமல் இருக்க. உங்கள் பூச்சு வேலை செய்வதே அந்த ஒளியில்தான். இரும்பு உப்பு மாறவே இல்லை, அதனால் தண்ணீரில் கரைந்து போகிறது. பூசிய துண்டுத் தாள் ஒன்றை எடுத்து, பாதியைத் தகட்டால் மூடி, பாதியைத் திறந்து வெயிலில் வையுங்கள், தெரிந்துவிடும். பிறகு சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு மாறுங்கள். ஓரம் வெண்கலம் பாய்ந்த சாம்பலாகும்வரை விடுங்கள். பார்வைக்கு அதிகமாகிவிட்டது போலத் தோன்றினால்தான் திரைச்சீலையின் வெளிர்கள் கழுவலில் நிற்கும். தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முடிந்த பிரிண்ட்டைச் சட்டமிட அதுதான் சரி.

இருட்டறை_மூப்பன்:
நான் அப்போதே சொன்னேன், பிளாஸ்டிக் ஆகாது என்று.

கரிக்கோல்:
நீங்கள் சொன்னது நெகட்டிவை, ஐயா.

வெற்று_நாற்காலி:
கண்ணாடி மாற்றினேன். 14 நிமிடம். திரைச்சீலை வந்துவிட்டது. நன்றி, பூச ஓடுகிறேன்.

மழைத்தாள்:
நல்லது. எத்தனை எண் போடப் போகிறீர்கள் என்று மட்டும் இங்கே சொல்லிவிடாதீர்கள்.

புதிய_தூரிகை:
பழைய இழை, மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, நீலம் நிற்கவில்லை. ஆனால் நான் போடுவது சாதாரணக் கண்ணாடிதான். மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான்.

தாள்பித்தன்:
எந்தத் தாள்?