டெக்சாஸ் எல்எல்சி பணம் தரவில்லை: ஃபெடரல் கோர்ட்டா, ஸ்டேட் கோர்ட்டா?

பாரிமுனை ஜூனியர்:
கிண்டியில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ஹூஸ்டனில் இருக்கிற ஒரு எல்எல்சிக்கு (அமெரிக்காவில் ஒரு வகை நிறுவனம், அதன் உரிமையாளர்களை மெம்பர் என்பார்கள்) சாஃப்ட்வேர் செய்து கொடுத்ததில் இரண்டு இன்வாய்ஸ் பாக்கி: 52,000 டாலர், 31,000 டாலர். ஃபெடரல் கோர்ட்தான் பெரிய கோர்ட், அங்கேயே போடுங்கள் என்று கிளையண்ட் பிடிவாதம். அங்கே நேராகப் போட முடியுமா? தோற்றால் அப்பீல் எப்படி?

தம்புச்செட்டி தெரு:
பெரிய கோர்ட், சின்ன கோர்ட் என்பதே தப்பான கணக்கு. நம்ம ஊரில் மத்திய சட்டமானாலும் மாநிலச் சட்டமானாலும் ஒரே ஏணிதான், சிட்டி சிவில் கோர்ட்டில் தொடங்கி ஹைகோர்ட் வழியாக டெல்லி வரை. அங்கே ஏணி இரண்டு, தனித்தனி. டெக்சாஸ் ஸ்டேட் கோர்ட் தீர்ப்பின் மேல் ஹூஸ்டன் ஃபெடரல் கோர்ட்டில் அப்பீல் கிடையாது.

ஃபெடரல் கோர்ட்டுக்குள் நுழைய முக்கியமான வாசல் இரண்டு. ஒன்று, வழக்கு ஃபெடரல் சட்டத்தில் பிறந்திருக்க வேண்டும். எதிராளி தன் பதிலில் ஃபெடரல் சட்டத்தை இழுத்தால் போதாது. பிராதிலேயே அது இருக்க வேண்டும் (1908-ல் மாட்லி வழக்கிலேயே முடிந்துபோன விஷயம்). உங்களுடையது வெறும் கான்ட்ராக்ட் பாக்கி, அதனால் இந்த வாசல் மூடியாச்சு.

மிச்சம் இருப்பது டைவர்சிட்டி. இரு தரப்பும் வெவ்வேறு மாநிலத்தவராகவோ, ஒரு பக்கம் வெளிநாட்டவர், மறுபக்கம் அமெரிக்கர் என்றோ இருக்க வேண்டும். தொகை 75,000 டாலரைத் தாண்டணும். சரியாக 75,000 என்றால் செல்லாது. ஒரே பிரதிவாதி என்பதால் இரண்டு இன்வாய்ஸையும் கூட்டலாம், 83,000 வருகிறது. தாமத வட்டியையும் கோர்ட் செலவையும் சேர்க்கக் கூடாது.

ராயப்பேட்டை ரவி:
தொகை சரி சார், ஆனால் ஆபத்து எல்எல்சியில்தான். கார்ப்பரேஷன் என்றால் பதிவான மாநிலமும் தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலமும் பார்த்தால் போதும். எல்எல்சிக்கு அப்படி இல்லை. அதன் மெம்பர்கள் ஒவ்வொருவரும் எந்த நாடு, எந்த மாநிலமோ அதெல்லாம் எல்எல்சிக்கும் ஒட்டிக்கொள்ளும். மெம்பரே இன்னொரு எல்எல்சி என்றால் அதற்குள்ளும் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஹூஸ்டனில் நம்மவர்கள் நடத்தும் எல்எல்சி என்றால் ரொம்பவே கவனம். எச்1பியில், இந்திய பாஸ்போர்ட்டோடு ஒரே ஒரு மெம்பர் இருந்தாலும் இரண்டு பக்கமும் வெளிநாட்டவர் ஆகிவிடும், டைவர்சிட்டி உடையும். எதிர்க்கட்சி ஒத்துக்கொண்டாலும் பயனில்லை. கான்ட்ராக்டில் "ஹூஸ்டன் ஃபெடரல் கோர்ட்" என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. அதிகார வரம்பை யாரும் தானம் செய்ய முடியாது. விசாரணை முடிந்து ஜெயித்த பிறகு, அப்பீலில் நீதிபதியே தானாகக் கேட்டு மொத்தத் தீர்ப்பையும் துடைத்துவிடலாம். இதற்காகத்தான் 2022 டிசம்பர் முதல், டைவர்சிட்டி வழக்கில் ஆரம்பத்திலேயே குடியுரிமை விவரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஃபெடரல் சிவில் விதிகளில் ரூல் 7.1 திருத்தப்பட்டது.

அப்படித் தள்ளுபடி ஆனால், முடிவான நாளிலிருந்து 60 நாளைக்குள் ஸ்டேட் கோர்ட்டில் போட்டால் டெக்சாஸ் சட்டப்படி லிமிடேஷன் (வழக்குப் போடும் காலக்கெடு) காப்பாற்றப்படும். வரம்பு இல்லை என்று தெரிந்தே போட்டிருந்தால் அந்தச் சலுகையும் போச்சு. அங்கே கான்ட்ராக்ட் பாக்கிக்கு நான்கு வருடம். மெம்பர் யார் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பேசாமல் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி ஸ்டேட் கோர்ட்டிலேயே போடுங்கள். எப்படியும் இரண்டு இடத்திலும் டெக்சாஸ் கான்ட்ராக்ட் சட்டம்தான் ஓடும்.

தம்புச்செட்டி தெரு:
ரவி சொன்னது சரி. அப்பீல் கேள்வி பாக்கி இருக்கிறது. ஃபெடரலில் போட்டால் முதலில் சதர்ன் டிஸ்ட்ரிக்ட் என்கிற விசாரணை கோர்ட், ஹூஸ்டன். வழக்கு போட 405 டாலர். கம்பெனி டைரக்டர் தானே நின்று வாதாட முடியாது, அங்கே வக்கீல் வைத்தே ஆகணும். அடுத்து நியூ ஆர்லியன்ஸில் ஐந்தாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட், பொதுவாக மூன்று நீதிபதி அமர்வு. இது வரை அப்பீல் உரிமை. சுப்ரீம் கோர்ட் உரிமை இல்லை: 90 நாளில் மனு, ஒன்பது பேரில் நால்வர் சரி என்றால்தான் எடுப்பார்கள். சாதாரண இன்வாய்ஸ் வழக்குக்கு அந்தக் கனவு வேண்டாம்.

சிவில் அப்பீலுக்குக் கெடு 30 நாள். நம்ம ஊரில் லிமிடேஷன் சட்டத்தின் செக்‌ஷன் 5 மனுவைக் கூடவே போட்டு 200 நாள் தாமதத்தையும் மன்னிக்கக் கேட்கிற பழக்கத்தை அங்கே எடுத்துப் போகாதீர்கள். கெடு முடிந்து 30 நாளைக்குள், தக்க காரணத்தோடு நீட்டிப்பு கேட்கலாம். 2007-ல் பவுல்ஸ் வழக்கு பாருங்கள். தீர்ப்பு நோட்டீஸ் கைக்கு வராதவருக்கு அப்பீல் கெடுவைத் திரும்பத் திறந்தால் சட்டம் கொடுப்பது 14 நாள். டிஸ்ட்ரிக்ட் நீதிபதி தவறுதலாக 17 நாள் எழுதிக் கொடுத்தார். அதை நம்பி 14 தாண்டி, 17-க்குள் அப்பீல் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட் 5-4-ல் செல்லாது என்றது.

பாரிமுனை ஜூனியர்:
நன்றி சார். மெம்பர் விவரம் எங்கே பார்ப்பது?

ராயப்பேட்டை ரவி:
அந்த எல்எல்சி ஏற்கெனவே ஃபெடரல் கோர்ட்டில் டைவர்சிட்டி வழக்கு ஏதாவது நடத்தியிருந்தால், பேஸர் தளத்தில் (ஃபெடரல் கோர்ட் ஆவணங்களை இணையத்தில் தருவது) பெயரைத் தேடி ரூல் 7.1 அறிக்கையைப் படியுங்கள். சென்னையிலிருந்தே கணக்கு திறக்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு டாக்குமெண்டுக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் அடங்கினால் பில்லே வராது. தேடல் முடிவுகளுக்கும் பக்கக் கணக்கு உண்டு, அதற்கு அந்த 3 டாலர் உச்சவரம்பு கிடையாது. பெயரை முழுதாகப் போட்டுத் தேடுங்கள்.